சைபர் முதல் பத்து வரை: புற்றுநோயாளியின் மனதைக் கேட்கத் தொடங்கிய வரலாறு



நான் தொழிலால் ஒரு கணக்காளன். படித்ததும் வணிகத்துறை. வைத்தியத்துக்கும் எனக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் எங்கள் நிகழ்ச்சியில் புற்றுநோய் பற்றிப் பேச்சு வருகிற போதெல்லாம் நேயர்கள் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கிளினிக்குக்குப் போற ஒவ்வொரு முறையும் ஒரு படிவம் தருகினம். நோ எவ்வளவு, களைப்பு எவ்வளவு எண்டு கேட்கிறது சரி. கவலை எவ்வளவு, பயம் எவ்வளவு எண்டு ஏன் கேட்கினம்? அதுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். சைபரிலிருந்து பத்து வரை இலக்கங்கள் போட்ட அந்தச் சின்னப் படிவத்துக்குப் பின்னால் ஏறத்தாழ எழுபது ஆண்டு கால வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால் படிவத்தை நிரப்பும் விதமும் மாறலாம் என்ற நம்பிக்கையோடு இந்த மாத உரையை எழுதுகிறேன்.

மௌனத்தின் காலம்

முதலில் 1961ஆம் ஆண்டுக்குப் போவோம். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் டொனால்ட் ஓகன் என்ற வைத்தியர், ஒரு பெரிய வைத்தியசாலையில் பணியாற்றிய 219 வைத்தியர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நோயாளிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் அதை அவரிடம் சொல்வீர்களா? பத்துப் பேரில் ஒன்பது பேர், சொல்லாமல் விடுவதையே விரும்புவதாகப் பதில் அளித்தார்கள். அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் அந்த ஆய்வு வெளியாகியது.

இதைக் கேட்டதும் எங்கள் வீடுகள் நினைவுக்கு வரும். "அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டா" என்று பிள்ளைகள் வைத்தியரிடம் கெஞ்சுவதை இன்றைக்கும் காண்கிறோம். இது தமிழருக்கே உரிய பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க வைத்தியர்களே அப்படித்தான் இருந்தார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான புற்றுநோய்களுக்குச் சரியான வைத்தியம் கிடையாது. சொல்லி என்ன பயன், உள்ள நம்பிக்கையையும் கெடுப்பானேன் என்பது அவர்களுடைய எண்ணம். நோயின் பெயரையே நோயாளியிடம் சொல்லாதபோது, "உங்கள் மனம் எப்படி இருக்கிறது" என்று கேட்பதற்கு இடமே இல்லை அல்லவா?

இருந்தும் அந்த மௌனத்துக்குள்ளே சிலர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். நியூயோர்க் நகரின் மெமோரியல் வைத்தியசாலையில் 1950களின் தொடக்கத்தில் ஆதர் சதர்லண்ட் என்ற மனநல வைத்தியரும் அவரது குழுவினரும், குடல் சத்திரசிகிச்சைக்குப் பின் வயிற்றில் பை கட்டி வாழும் நோயாளிகளையும், மார்பகம் அகற்றப்பட்ட பெண்களையும் சந்தித்து, அவர்கள் வீடு திரும்பிய பின் எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரித்து எழுதினார்கள். 1952இல் தெரீஸ் லாசர் என்ற பெண் மார்பகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். தன் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததைக் கண்ட அவர், குணமான பின் தானே வைத்தியசாலைகளுக்குப் போய், அதே சிகிச்சை பெற்ற பெண்களின் கட்டிலருகே இருந்து பேசத் தொடங்கினார். அந்தத் தொண்டை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது.

இங்கிலாந்தில் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் இன்னொரு வழியில் வந்தார். தாதியாக இருந்து, பின் சமூகப் பணியாளராகி, அதன் பின்னும் படித்து 1957இல் வைத்தியரானவர். இறுதிக்கட்ட நோயாளிகளோடு பல ஆண்டுகள் பழகிய அவர், வலி என்பது உடம்பில் மட்டும் இருப்பதல்ல என்று கண்டார். உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் எல்லாம் சேர்ந்து வலிப்பதை ‘முழுமையான வலி’ என்றார். 1967இல் தெற்கு லண்டனில் அவர் தொடங்கிய சென் கிறிஸ்தோபர் இல்லம்தான் இன்றைய இல்லப் பராமரிப்பு நிலையங்களுக்கெல்லாம் முன்னோடி. 1969இல் எலிசபெத் கியூப்ளர்-றொஸ் எழுதிய நூல், மரணத்தை எதிர்நோக்குபவர்களோடு பேசலாம், பேச வேண்டும் என்பதைச் சாதாரண வாசகர்களிடமும் கொண்டு போனது.

இதற்கிடையில் புதிய மருந்துகள் வந்தன, பிழைப்பவர்கள் தொகை கூடியது. நோயாளியின் உரிமை பற்றிய பேச்சும் எழுந்தது. 1979இல் அதே மாதிரியான கேள்வியை மீண்டும் வைத்தியர்களிடம் கேட்டபோது, 97 சதவீதமானோர் நோயாளியிடம் உண்மையைச் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. உண்மையைச் சொன்ன பின் அந்த மனிதர் அதை எப்படித் தாங்குகிறார் என்பதுதான் அடுத்து எழுந்த கேள்வி.

ஜிம்மி ஹொலண்ட் என்ற பெண்மணி

பெயரைப் பார்த்து ஆண் என்று நினைக்க வேண்டாம். 1928இல் டெக்சாஸ் மாநிலத்தின் கிராமப்புறத்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்து மனநல வைத்தியரான பெண்மணி இவர். கணவர் ஜேம்ஸ் ஹொலண்ட், புற்றுநோய்க்கான இரசாயன சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவர். நோயாளிகளின் இரத்த அணுக்கள், காய்ச்சல், வாந்தி எல்லாவற்றையும் துல்லியமாகப் பதிவு செய்யும் ஆய்வுகளில், அவர்களின் மனம் பற்றி ஒரு வரியும் இல்லாதது அவரை உறுத்தியது. 1977இல் நியூயோர்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில் அவரது பொறுப்பில் முழுநேர மனநலப் பிரிவு தொடங்கப்பட்டது. புற்றுநோய் உளவியல் என்ற துறை அங்கிருந்துதான் வேர்விட்டது. 1984இல் அதற்கான சர்வதேச அமைப்பு உருவாகியது. 1989இல் அவர் தொகுத்த கைநூல் அத்துறையின் அடிப்படை நூலாகியது. 2017 டிசம்பரில் காலமாகும் வரை அவர் பணியை விடவில்லை.

அவர் துறையைத் தொடங்கிய காலத்தில் இரண்டு எதிரெதிரான கருத்துகள் நிலவின. புற்றுநோய் வந்தால் எல்லோரும் கவலைப்படத்தான் செய்வார்கள், அதற்கு வைத்தியம் எதற்கு என்பது ஒன்று. புற்றுநோயாளிகள் எல்லோருமே மனம் குலைந்தவர்கள் என்பது மற்றது. இரண்டும் சரியல்ல என்பதை 1983இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மூன்று புற்றுநோய் நிலையங்களில் 215 நோயாளிகளைப் பரிசோதித்ததில், 47 சதவீதமானோருக்கு மனநல வைத்தியர்கள் பெயரிட்டு அடையாளம் காணக்கூடிய பாதிப்பு இருந்தது. அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இருந்தது புதிய நிலைமைக்குத் தம்மைச் சரிப்படுத்திக்கொள்ள முடியாத தவிப்புத்தான். கடுமையான மனநோய் இருந்தவர்கள் சிறு பகுதியினர். மீதி 53 சதவீதமானோர் கவலையோடும் பயத்தோடும் இருந்தாலும் தாமாகவே சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, பாதிப்பேருக்கு உதவி தேவை, பாதிப்பேருக்குத் தேவையில்லை. யாருக்குத் தேவை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தைப் பார்த்தா? அது முடியாது என்பதே அனுபவம். சிரித்துக்கொண்டு வருபவர் உள்ளே உடைந்திருப்பார். அழுதுவிட்டுப் போகிறவர் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார். கணக்கு வழக்கில் நாங்கள் சொல்வது போல, கடையின் கண்ணாடி அலமாரியைப் பார்த்து இலாப நட்டம் சொல்ல முடியாது. ஏட்டைத் திறக்க வேண்டும்.

அதே 1983இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இரு வைத்தியர்கள், வைத்தியசாலை நோயாளிகளின் பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்க 14 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். இன்றும் உலகெங்கும் அது பயன்படுகிறது. ஆனால் நெரிசலான ஒரு கிளினிக்கில், ஒவ்வொருவருக்கும் 14 கேள்வி கேட்டுப் புள்ளி கூட்ட யாருக்கு நேரம்?

வெப்பமானியும் ஒரு சொல்லும்

இங்கேதான் வலி பற்றிய அனுபவம் கைகொடுத்தது. சைபர் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி என்று ஓர் இலக்கத்தைச் சொல்லும் முறை வைத்தியசாலைகளில் பரவியிருந்தது. அதையே மனதுக்கும் செய்தால் என்ன என்று ஹொலண்டும் அவரது சகாக்களும் யோசித்தார்கள். 1998இல், புரொஸ்டேட் புற்றுநோய் கண்ட ஆண்களிடம் இதைப் பரீட்சித்துப் பார்த்த ஆய்வு வெளியாகியது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியின் படம் ஒன்று. அதில் சைபர் முதல் பத்து வரை கோடுகள். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனத்துயர் எவ்வளவு? ஒரு வட்டம் போடுங்கள். அவ்வளவுதான். ஆண்களிடம், அதிலும் வயதான ஆண்களிடம் முதலில் பரீட்சித்தது தற்செயலானது அல்ல. வாயால் கேட்டால் "நான் நல்லா இருக்கிறன்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லாதவர்கள் அவர்கள்தானே.

அமெரிக்காவின் முன்னணிப் புற்றுநோய் நிலையங்களின் கூட்டமைப்பு 1997இல் இதற்கென ஹொலண்ட் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1999இல் முதல் வழிகாட்டி வெளியாகியது. அந்தக் குழு முதலில் செய்த வேலை, ஒரு சொல்லைத் தேடியது. ‘மனநோய்’ என்றால் சனம் ஓடிவிடும். ‘மனநலப் பிரச்சினை’ என்றாலும் வெட்கம். கடைசியில் ‘டிஸ்ட்ரெஸ்’ என்ற சாதாரண ஆங்கிலச் சொல்லைத் தெரிவு செய்தார்கள். சொல்வதற்கும் கேட்பதற்கும் யாரும் கூசாத சொல் அது. சிறு கவலை முதல் பெரும் மனச்சோர்வு வரை எல்லாம் அதில் அடங்கும்.

இந்த இடத்தில் நான் சற்று நின்று யோசித்தேன். எங்கள் சமூகத்தில் மனம் சம்பந்தமாக ஏதாவது கேட்டால், "எனக்கென்ன விசரா?" என்ற பதில்தான் முதலில் வரும். ஆனால் எங்களிடம் நல்ல சொற்கள் இல்லாமல் இல்லை. "மனம் ஒரே அந்தரமாக் கிடக்கு" என்று எங்கள் ஆச்சிமார் சொல்வார்கள். "ராத்திரி முழுக்க யோசனை" என்பார்கள். அந்தரம் என்று சொன்னவரை யாரும் விசர் என்று சொன்னது கிடையாது. அமெரிக்க நிபுணர்கள் குழு போட்டுத் தேடியெடுத்த சொல், எங்கள் அடுப்படியில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

வெப்பமானியோடு இன்னொரு பட்டியலும் சேர்ந்து வந்தது. அந்தரம் எதனால்? பிள்ளை பராமரிப்பா, வீடா, காசா, வேலையா, போக்குவரத்தா? கணவன் மனைவிக்குள் பிரச்சினையா? பயமா, துக்கமா? நித்திரையின்மையா, சாப்பாடா? கடவுள் நம்பிக்கை பற்றிய குழப்பமா? பொருந்துவதற்கு நேரே அடையாளமிட வேண்டும். சமூகச் சிரமம் என்பதும் நோயின் ஒரு பகுதி என்று வைத்தியத்துறை எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து மகரகம வைத்தியசாலைக்குப் புறப்பட்ட குடும்பங்களுக்கு, ‘போக்குவரத்து’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை சோதனைச் சாவடிகள் அடங்கியிருந்தன என்பது தெரியும். தெல்லிப்பழையில் புதிய புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டபோது சனம் பட்ட நிம்மதிக்கும் அதுதான் காரணம்.

எத்தனைக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பதையும் ஆய்வு செய்தார்கள். 2005இல் ஐந்து நிலையங்களில் 380 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வின்படி, நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது பொதுவான அளவாகியது. அதற்கு முன் 2001இல் 4496 நோயாளிகளைக் கொண்ட பெரிய ஆய்வு ஒன்று, மூன்றில் ஒருவருக்கு மேல், அதாவது 35.1 சதவீதமானோர், கணிசமான மனத்துயரில் இருப்பதைக் காட்டியிருந்தது. நுரையீரல் புற்றுநோய் கண்டவர்களில் அது 43.4 சதவீதம்.

கனடாவின் பங்கு

நாங்கள் வாழும் இந்த நாட்டுக்கு இந்த வரலாற்றில் பெருமைப்படத்தக்க இடம் உண்டு. 1991இல் அல்பேர்ட்டா மாகாணத்தின் எட்மண்டன் நகரில் எடுவார்டோ புருவேரா என்ற வைத்தியரும் அவரது குழுவினரும், இறுதிக்கட்டப் பராமரிப்புப் பிரிவில் இருந்த நோயாளிகளுக்காக எளிய படிவம் ஒன்றை உருவாக்கினார்கள். வலி, குமட்டல், பசி போன்றவற்றோடு மனச்சோர்வையும் பதற்றத்தையும் அதிலே சேர்த்தார்கள். நாளுக்கு இரண்டு தடவை அளந்து, ஒரே தாளில் 21 நாள் வரை வரைபடமாகப் போட்டார்கள். ஒரு கணக்காளனாக எனக்கு அந்தத் தாளைப் பற்றி வாசித்ததும் மகிழ்ச்சி வந்தது. ஒரு நாள் இலக்கம் பெரிதாக எதையும் சொல்லாது. மூன்று வாரத்து இலக்கங்களை வரிசையாகப் பார்த்தால்தான் கதை தெரியும்.

அதே மாகாணத்தில் கல்கரி நகரின் ரொம் பேக்கர் புற்றுநோய் நிலையத்தில், லிண்டா கார்ல்சன், பரி பல்ட்ஸ் ஆகியோர் நான்கு வாரங்களாக அங்கு வந்த நோயாளிகளிடம் படிவம் கொடுத்தார்கள். 2776 பேர் நிரப்பினார்கள். 2004இல் முடிவு வெளியாகியது. 37.8 சதவீதமானோர் கவனிக்க வேண்டிய அளவு மனத்துயரில் இருந்தார்கள். அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. அப்படித் துயரில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் எந்த உதவியையும் நாடவில்லை, இனி நாடும் எண்ணமும் அவர்களுக்கு இல்லை. அதாவது, கேட்டு வருவார்கள் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் பாதிப்பேர் வரவே மாட்டார்கள். நாங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

உடல்வெப்பம், நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் என்ற நான்கும் உயிர்க்குறிகள். 1990களில் வலியை ஐந்தாவது என்றார்கள். கனடாவின் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2004இல் மனத்துயரை ஆறாவது உயிர்க்குறியாக அங்கீகரித்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் 2007 முதல், எட்மண்டன் படிவத்தைப் புற்றுநோய் நிலையங்கள் தோறும் தொடுதிரைக் கணினிகளில் வைத்தார்கள். எங்கள் நேயர்கள் கேட்கும் அந்தப் படிவத்தின் அடிப்படை இதுதான்: வலி, களைப்பு, தூக்க மயக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம், பொதுவான நலம் என்று ஒன்பது கேள்விகள். அமெரிக்காவிலும் 2015 முதல், அங்கீகாரம் பெற்ற புற்றுநோய் நிலையங்கள் மனத்துயர் பற்றி ஒரு தடவையாவது கேட்டே ஆக வேண்டும் என்ற விதி வந்தது.

ஏட்டில் எழுதினால் போதுமா?

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கணக்கியலில் ஒரு பாடம் உண்டு. கடனை ஏட்டில் பதிந்துவிட்டால் கடன் தீர்ந்துவிடாது. இலக்கத்தை வாங்கிக் கோவையில் போட்டுவிட்டு ஒன்றும் செய்யாவிட்டால் யாருக்கு என்ன பயன்?

இங்கிலாந்தில் 220 நோயாளிகளை வைத்து நடத்தி 2013இல் வெளியிட்ட பரிசோதனையில், வெப்பமானியையும் பட்டியலையும் கொண்டு பேசியவர்களுக்கும், வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. கேட்பதால் மட்டும் துயர் குறையும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று மொன்றியல் ஆய்வாளர்களும் வாதிட்டார்கள். வலியை ஐந்தாவது உயிர்க்குறி என்று கொண்டாடியதே, இலக்கத்தைக் குறைப்பதற்காக வலிமாத்திரைகளை அள்ளிக் கொடுக்க வழிவகுத்தது என்ற கண்டனமும் எழுந்தது. 2016இல் அமெரிக்க வைத்தியச் சங்கம் அந்தக் கருத்தைக் கைவிடும்படி கேட்டது.

கேட்டதோடு நில்லாமல் செயற்பட்ட இடங்களில் பலன் வேறு விதமாக இருந்தது. ஸ்கொட்லாந்தில் 21,000க்கு மேற்பட்ட புற்றுநோயாளிகளின் விபரங்களை ஆராய்ந்தபோது, கடும் மனச்சோர்வு கண்டவர்களில் 73 சதவீதமானோருக்கு அதற்கான சிகிச்சையே கிடைத்திருக்கவில்லை என்பது தெரிய வந்தது. அங்கே 500 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற புற்றுநோய்த் தாதியரும் மனநல வைத்தியரும் சேர்ந்து முறையான பராமரிப்பு வழங்கினார்கள். ஆறு மாத அளவில் அந்தப் பிரிவில் 62 சதவீதமானோரின் மனச்சோர்வு பாதியாகவேனும் குறைந்திருந்தது. வழமையான பராமரிப்புப் பெற்றவர்களில் அப்படிக் குறைந்தது 17 சதவீதமானோருக்கு மட்டுமே. இது 2014இல் வெளியாகியது. நியூயோர்க்கில் 766 நோயாளிகளோடு நடந்த இன்னொரு ஆய்வில், உடல் உபாதைகளைக் கணினி வழியாகத் தொடர்ந்து அறிவித்து, அவை கடுமையானபோது தாதியருக்குத் தகவல் போன நோயாளிகள், மற்றவர்களைவிட ஐந்து மாதமளவு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2017இல் தெரிய வந்தது. கேள்வி, பதில், அதன் பின் செயல் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

எங்கள் வீட்டுச் சைபர்கள்

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். வைத்தியசாலை தன் பங்கைச் செய்தாலும், நாங்கள் கொடுக்கும் இலக்கம் பொய்யாக இருந்தால் என்ன நடக்கும்?

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவியின் பெரியம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை 30 தடவை என்று சொல்லியிருந்தார்கள். மகன் இரண்டு வேலை செய்கிறவர். ஆகவே காரில் கூட்டிச் செல்லும் பொறுப்பு சில நாட்கள் என்னிடம் வந்தது. படிவத்தை வாசித்து நிரப்பியவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேரன். "எல்லாத்துக்கும் சைபர் போடு தம்பி. கூடப் போட்டால் ஏலாது எண்டு சொல்லி மருந்தை நிப்பாட்டிப் போடுவினம்" என்றார் பெரியம்மா. அவனும் அப்படியே போட்டான். ஒன்பது கேள்விக்கும் ஒன்பது சைபர்.

ஆனால் அதே பெரியம்மா ஆறாவது நாளோடு இனி வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. கெஞ்சி ஒருமுறை கூட்டிப் போனபோது, நெடுநாள் அனுபவமுள்ள தாதி ஒருவர் அந்தச் சைபர் வரிசையைப் பார்த்தார். பேரனை வெளியே இருக்கச் சொன்னார். தொலைபேசியில் தமிழ் உரைபெயர்ப்பாளரை அழைத்தார். "கவலையா" என்று கேட்கவில்லை. "ராத்திரி நித்திரை வருகுதா? அந்த அறைக்குள்ள போகேக்க என்ன நினைப்பு வருகுது?" என்று கேட்டார்.

பெரியம்மா அன்றுதான் சொன்னார். முகத்தை அசையாமல் வைக்க ஒரு வலைமூடியைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். பிறகு எல்லோரும் வெளியே போக, கனத்த கதவு மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டதும் அவருக்கு பங்கருக்குள் இருந்த இரவுகள் வந்துவிடுகின்றன. மூச்சு முட்டுகிறது. இதை மகனிடம் சொன்னால் அவன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பான். பேரனிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் சைபர்.

அதன் பின் நடந்தவை பெரிய காரியங்கள் அல்ல. ஒரு சமூகப் பணியாளர் உரைபெயர்ப்பாளரோடு இரண்டு மூன்று முறை பேசினார். சிகிச்சை நேரத்தில் ஒலிபெருக்கி வழியாக "இன்னும் இரண்டு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம்" என்று சொல்ல ஏற்பாடு செய்தார்கள். பக்திப் பாட்டு இறுவட்டு ஒன்றைக் கொடுத்தோம், அறையில் போட்டார்கள். முப்பதும் நிறைவேறியது.

இந்தச் சம்பவத்தைப் பெரியம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல என்பதால் எழுதுகிறேன். எங்களுக்குப் படிவம் என்றால் பயம். அகதிக் கோரிக்கைக் காலத்தில் ஒரு திகதி மாறினால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்ட சனம் நாங்கள். எதை எழுதினாலும் யாரோ எங்கேயோ அதைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற எச்சரிக்கை உடம்பில் ஊறிவிட்டது. ஆகவே ஆபத்தில்லாத இலக்கமாகச் சைபரைப் போடுகிறோம். ஆனால் இந்தப் படிவத்தில் ஆபத்தான இலக்கமும் அதுதான்.

நேயர்கள் கவனத்திற்குச் சில விடயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மனத்துயரை உள்ளபடி எழுதினால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்பது தவறான பயம். அந்த இலக்கம் யாருடன் உங்களைப் பேச வைக்கலாம் என்று பார்ப்பதற்கானது. உடல் உபாதைகளை மறைத்தால் மருந்தின் அளவைச் சரிசெய்ய முடியாமல் போகும், அதுதான் கெடுதி.

இரண்டாவது, அந்தப் படிவம் குடிவரவு அலுவலகத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ போவதில்லை. ஒன்ராறியோவில் 2004ஆம் ஆண்டின் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம், சட்டம் குறிப்பிடும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமின்றி அந்தத் தகவலை வெளியே கொடுப்பதைத் தடுக்கிறது.

மூன்றாவது, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் பயத்தைப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது இருவருக்கும் பாரம். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நான்காவது, ஒருமுறை எழுதினால் போதும் என்று இருக்க வேண்டாம். நோய் தெரிந்த நாள், சிகிச்சை தொடங்கும் நாள், சிகிச்சை முடியும் நாள், நோய் திரும்பிய நாள் எல்லாம் மனம் தளும்பும் வேளைகள். சிகிச்சை முடிந்ததும் எல்லோரும் கொண்டாட, நோயாளி மட்டும் தனியே பயந்துகொண்டிருப்பது வழக்கமாக நடக்கிற ஒன்று. பார்த்துக்கொள்கிற கணவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அதே அந்தரம் உண்டு. அவர்களும் சமூகப் பணியாளரிடம் பேசலாம்.

ஐந்தாவது, "என்ன நிலைமை, எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டுப் பரவாயில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு போவதுதான் எங்கள் ஊர் மரியாதை. நோயாளியைப் பார்க்கப் போகும்போது தேத்தண்ணி ஆறும் வரைக்காவது அருகில் இருந்து, "நித்திரை வருகுதா, யோசனை ஏதும் இருக்குதா" என்று இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்காவது இருப்பதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். கனடாவில் 2023 முதல் இயங்கும் 9-8-8 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அங்கு பதில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கிடைக்கும்.

1961இல் நோயின் பெயரையே சொல்ல மறுத்த ஒரு வைத்திய உலகம், இன்றைக்கு ஒவ்வொரு நோயாளியிடமும் "உங்கள் மனம் எப்படி" என்று கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்குத் தாதிகளும் வைத்தியர்களும் நோயாளிகளும் பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். அதற்கு உண்மையான பதிலை எழுதுவது எங்கள் பங்கு.

உங்கள் கருத்துகளையும் கேள்விகளையும் வழமை போல நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் இன்னொரு தலைப்போடு சந்திக்கும் வரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.